முப்பத்து மூன்று கிராம்

பார்த்து அக்கா, அந்தப் பையின் மேல் கூடையை வைத்துவிடாதீர்கள். உள்ளே தராசு இருக்கிறது. ஆமாம், தராசுதான். இல்லை, நகைத் தொழில் எல்லாம் இல்லை. சமையலறைத் தராசு. ஐந்து கிலோ வரை நிறுக்கலாம், ஒரு கிராம் கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

டயர் மாற்ற முக்கால் மணி நேரமாவது ஆகும் என்கிறார் கண்டக்டர். ஜாக்கியே இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கடை பூட்டித்தான் கிடக்கிறது, வாசல் சிமெண்டுப் படியில் நிழலும் இருக்கிறது. உட்காருங்கள். கொஞ்சம் இருங்கள், துடைத்துவிடுகிறேன். யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறான். சே. மனிதர்கள் எங்கே உட்கார்கிறார்களோ அங்கேதான் துப்பவும் செய்கிறார்கள்.

நான் பேசுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா? பாடப் புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நேர்காணலில் தடுமாறக் கூடாது என்று இரண்டு வருடமாக இப்படியே பேசிப் பழகுகிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். வேலை என்று பார்த்தால் மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மற்றவர்களுடைய வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. ஒரு எழுத்து தப்பினாலும் தள்ளுபடி ஆகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். இதுவரை நான் நிரப்பிய எதுவும் தள்ளுபடி ஆனதில்லை. நேற்று நான்தான் தள்ளுபடி ஆனேன்.

நாமக்கல்லில் பளுதூக்கும் போட்டி, அக்கா. அறுபத்தாறு கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருந்தேன். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். என் கையாலேயே எனக்கு ஒரு விண்ணப்பம். போன வருடம் மூன்றாவதாக வந்தவன் தூக்கியதைவிட நான் ஜிம்மில் பதினைந்து கிலோ அதிகமாகத் தூக்கிக்கொண்டிருந்தேன். அதனால் தூக்குவது பிரச்சினையே இல்லை. அறுபத்தாறுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நேற்றுக் காலையில் எடை மெஷினில் ஏறினால் அறுபத்தாறு புள்ளி ஏழு.

எழுநூறு கிராம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் என்று சொன்னால் நீங்கள் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் மைதானத்தைச் சுற்றினேன். வாயில் பபுள்கம் போட்டு மென்று, ஊறிய எச்சிலை எல்லாம் ஒரு பேப்பர் கப்பில் துப்பிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். எச்சிலும் எடைதானே. கப் நிறைந்தது. திரும்ப ஏறினேன். அறுபத்தாறு புள்ளி நான்கு. நேரம் முடிந்துவிட்டது. மேஜையில் இருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, இறங்குப்பா. அடுத்த ஆளு வாங்க" என்றார். கையில் அந்தக் கப்போடு நின்றேன். அதைக் கொட்ட ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லை அந்த இடத்தில்.

இதற்குக் காரணம் ஒருத்தன். செந்தட்டிக்காளை என்று பெயர். கரண்டியை நக்கியவன்.

இருங்கள், முறையாகச் சொல்கிறேன்.

புரோட்டீன் பவுடர் தெரியுமா? உங்கள் தெருவிலும் யாராவது பெரிய டப்பாவாக வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பாலிலிருந்து எடுப்பது. ஷேக்கரில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கிக் குடிக்க வேண்டும். ருசி சாக்லேட் மாதிரி என்று போட்டிருக்கும். குடித்துப் பார்த்தால் சாக்லேட் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். அதைவிடக் கொடுமை, குடித்த ஷேக்கரை உடனே கழுவவில்லை என்றால் மறுநாள் மூடியைத் திறக்கிறபோது ஒரு வாடை வரும். செத்த எலி தோற்றுவிடும். எங்கள் ஜிம்மில் ஒருத்தனும் கழுவ மாட்டான். மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அதிலேயே அடுத்ததைப் போடுவான்.

டப்பாவுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கரண்டி வரும். ஒரு கரண்டி முப்பத்து மூன்று கிராம், டப்பாவில் முப்பது கரண்டி என்று மேலே போட்டிருக்கும். அந்தக் கரண்டியை நம்பவே கூடாது அக்கா. தலைதட்டி எடுத்தால் ஒரு எடை, குவித்து எடுத்தால் ஒரு எடை, டப்பாவில் அழுத்தி எடுத்தால் இன்னொரு எடை. ஜிம்மில் ஒவ்வொருத்தனும் கோபுரம் மாதிரி குவித்துப் போட்டுவிட்டு, "ஒரு ஸ்கூப்தான் ஜி" என்பான். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு கிராம் பவுடரில் ஏறக்குறைய நான்கு கலோரி. குவித்தால் எட்டுக் கிராம் கூடும், முப்பத்திரண்டு கலோரி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மாதத்துக்கு முப்பது நாள். பெருக்கிப் பாருங்கள். பிறகு, "டயட்ல இருக்கேன், எடையே குறையல" என்று அழுவான். நீ டயட்டில் இல்லையடா, அஜாக்கிரதையில் இருக்கிறாய்.

அதற்காகத்தான் இந்தத் தராசு. இதோ, வெளியே எடுக்கிறேன், பாருங்கள். நான் சம்பாதித்து எனக்கென்று வாங்கிய முதல் கருவி. டம்ளரை வைத்து, பூஜ்யம் ஆக்கி, முப்பத்து மூன்று வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். முப்பத்து நான்கு வந்தால் கத்தி நுனியால் திரும்ப எடுப்பேன். பவுடர் மட்டுமில்லை. ஓட்ஸ், அரிசி, நிலக்கடலை எல்லாமே இதில் ஏறித்தான் என் வாய்க்குள் போகும். எல்லாவற்றுக்கும் கலோரி எழுதி வைப்பேன். இயற்பியலில் எங்களுக்கு முதல் பாடமே சுழிப்பிழைதான். மேலே ஒன்றும் இல்லாதபோது கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். தினமும் பார்ப்பேன். தினமும் பூஜ்யம் காட்டும்.

குங்குமமா? ஆமாம், குங்குமம்தான். நல்ல கண் உங்களுக்கு. ஆயுத பூஜைக்கு வைத்தது. அன்றைக்கு அறையில் சாமி படத்துக்கு முன்னால் என்னோடு தங்கியிருந்த அந்தச் செந்தட்டி, அவனுடைய புரோட்டா கொத்துகிற கரண்டிகளை வைத்தான். நான் இதை வைத்தேன். எங்கள் அப்பா காலத்தில் வீட்டில் வைப்பதற்கு மண்வெட்டிதான் இருந்தது, எனக்கு இது. நானே சந்தனம் குழைத்து நான்கு மூலையிலும் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். சாமிக்கு வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. சந்தனம் காய்ந்து தானாக உதிரும்வரை அதைத் துடைக்கவும் கூடாது. அவன் என்ன செய்தான் தெரியுமா? மறுநாள் காலையிலேயே எண்ணெய்த் துணியால் கரண்டியை அழுத்தித் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். என்னிடமும், "ராமரு, துடைச்சு வைடா, இடுக்கெல்லாம் வழிஞ்சு கெடக்கு" என்றான். சாமிச் சந்தனத்தை எண்ணெய்த் துணியால் துடைக்கிற ஆள், அக்கா. அவ்வளவுதான் அவன் பக்தி.

செந்தட்டி எனக்கு ஊர்க்காரன். சங்கரன்கோவில் பக்கம். ஒன்றாவது முதல் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பத்தாவதில் அவன் நின்றுவிட்டான், நான் படித்தேன். மதுரையில் அவன் புரோட்டா மாஸ்டர். சந்துக்குள் ஒரு மாடி அறை எடுத்து இரண்டு பேரும் இருந்தோம். கையெல்லாம் எண்ணெய், நகக்கண்ணெல்லாம் மைதா. அவன் தொட்ட கதவுப்பிடி வழுக்கும். தினமும் கடையிலிருந்து எனக்கு நான்கு அவித்த முட்டை கொண்டுவருவான். "வெள்ள ஒனக்கு, மஞ்ச எனக்கு. ஒன் கலோரிய நான் தின்னுக்கிடுதேன் பட்டதாரி" என்று சிரிப்பான். வெள்ளைக்கருவில் அவனுடைய கைரேகை எண்ணெயாக ஒட்டியிருக்கும். அதைக் கழுவித்தான் சாப்பிடுவேன். அந்த எண்ணெய்க்கு ஒரு கலோரி என்று எழுதியும் வைப்பேன். நான் நேர்மையானவன், அதை மறைக்க மாட்டேன்.

அவனுக்கு எல்லாமே கையளவு, கண்ணளவு. தராசைப் பார்த்தாலே கேலி. "நூறு கிராம் காத்து நிறுத்துக் குடுடா, மூச்சு விடணும்" என்பான். ஒரு நாள் இந்தக் கேலியை நிறுத்த வேண்டும் என்று அவன் கடையில் உருட்டி வைத்திருந்த மாவு உருண்டை பத்தை வரிசையாக நிறுத்தேன். இது செப்டம்பரில், பூஜைக்கு முன்னால். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றிரண்டு. பத்தும் அப்படியே. அவன், "என்ன ராமரு, தராசு ரிப்பேரா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. பழக்கம் அக்கா, வேறொன்றுமில்லை. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்தால் கை அப்படி ஆகிவிடும். அதை அறிவு என்று சொல்ல முடியுமா?

சரி, கரண்டிக்கு வருகிறேன். ஒரு நாள் குளித்துவிட்டு வருகிறேன், இவன் என் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்டியை நக்கிக்கொண்டிருக்கிறான். நாக்கை நீட்டி, அடியிலிருந்து நுனிவரை. நக்கிவிட்டு அந்த ஈரக் கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டான். "இனிப்பாத்தான் இருக்கு, வாடைதான் நல்லால்ல" என்றான். பாத்ரூமுக்கு ஓடினேன். அவன் ஒருமுறைதான் செய்தான், மன்னிப்பும் கேட்டான், கரண்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்தான். இருந்தாலும் பாருங்கள், ஒருத்தன் எப்படிப்பட்டவன் என்பதை இந்த மாதிரி ஒரு காரியம் காட்டிவிடுகிறது.

அதற்கப்புறம்தான் எல்லாமே கோணலாகப் போனது.

ஆகஸ்டில் என் எடை அறுபத்தொன்பதரை. அக்டோபர் முதல் வாரத்தில் அறுபத்தேழு புள்ளி எட்டு. கணக்குப்படி நூல் பிடித்த மாதிரி இறங்கியது. பூஜை முடிந்தது, அதோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். ஜிம்மில் இருக்கிற பெரிய மெஷினில் தினமும் ஏறுவேன். அறுபத்தேழு எட்டு, அறுபத்தேழு ஒன்பது. அதே சாப்பாடு, அதே கிராம். சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். ஒரு சொட்டு அசைந்தது, திரும்ப நின்றது. படுத்தால் தூக்கம் வராது. போட்டிக்கு இன்னும் நாற்பது நாள், இன்னும் முப்பது நாள் என்று எண்ணிக்கொண்டே கிடப்பேன்.

பவுடரும் மாறிப்போனது. பூஜைக்கு முன்னால் கரண்டியைத் தலைதட்டி எடுத்தால் தராசு முப்பத்தைந்து காட்டும். இப்போது அதே கரண்டி, அதே தலைதட்டல், இருபத்தெட்டுதான் காட்டியது. முப்பத்து மூன்று கொண்டுவர மேலே குவித்துப் போட வேண்டியிருந்தது. கம்பெனிக்காரன் பவுடரில் காற்றை அடித்து விற்கிறான் என்று நினைத்தேன். செந்தட்டி ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்னடா, முன்னால தலதட்டிப் போடுவே, இப்பம் கோபுரம் கட்டுதே?" என்று கேட்டான். "தராசு முப்பத்து மூன்று காட்டுகிறது" என்றேன். டம்ளரைக் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினான். "இது நாப்பது பக்கம்டா ராமரு." டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். எண்ணெய்க் கையால் என் டம்ளரைத் தொட்டதும் இல்லாமல், படித்தவனுக்குப் பாடம் வேறு. கண்ணளவு அறிவியல் ஆகாது என்று சொன்னேன். "செரி, ஒன் தராசு, ஒன் வயிறு" என்று போய்விட்டான்.

அப்புறம் டப்பா தீர்ந்தது. முப்பது கரண்டி, நாளைக்கு இரண்டு, பதினைந்து நாள் வர வேண்டும். பன்னிரண்டாம் நாளே அடியைச் சுரண்டினேன். அடுத்த டப்பாவும் பன்னிரண்டு நாள். ஆறு கரண்டி எங்கே போனது? எழுதி வைத்திருக்கிறேன், தேதி வாரியாக, கிராம் வாரியாக. நான் எடுத்தது எண்ணூறு கிராம்கூட இல்லை. மீதி இருநூறு கிராமுக்குக் கால் முளைத்தா நடந்துபோகும்? அறையில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தன் எழுதி வைத்துச் சாப்பிடுகிறவன். இன்னொருத்தன் கரண்டியை நக்குகிறவன். நீங்களே சொல்லுங்கள், யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

அவசரப்படவில்லை அக்கா. சோதித்துப் பார்த்தேன். மூன்றாவது டப்பாவில் பவுடர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே வெளிப்பக்கம் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். வந்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் கோட்டிலேயே இருக்கும். ஒரு இம்மியும் இறங்கியிருக்காது. நான்கு நாள் பார்த்தேன், நான்கு நாளும் அப்படித்தான். வேறு ஒருத்தனாக இருந்தால் சரி, இவன் எடுக்கவில்லை என்று விட்டிருப்பான். நான் யோசித்தேன். எடுத்தும் மட்டம் குறையவில்லை என்றால் வேறெதையோ போட்டு நிரப்புகிறான். அவன் கையில் எப்போதும் இருப்பது என்ன? மைதா! அதுவும் பொருந்தியது, பாருங்கள். பவுடர் எடை குறைந்திருப்பது, ஷேக்கரில் கட்டி கட்டியாக நிற்பது, என் எடை இறங்காதது எல்லாமே மைதாவில் வந்து நின்றது. எனக்கு அன்றைக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

நேராக அவன் கடைக்குப் போனேன். சாயங்காலம், கூட்டம் நிறைந்திருந்தது. அவன் மாவை வீசிக்கொண்டிருந்தான். டப்பாவைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதில் மைதா கலந்தது நீதானே?"

அவனுக்குப் புரியவே இல்லை. "என்னதுல?"

"என் பவுடரைத் தின்றுவிட்டு மைதாவைப் போட்டு நிரப்புகிறாய். என்னிடம் கணக்கு இருக்கிறது."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஒருத்தர் சால்னாவை ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். செந்தட்டி வீசின மாவை அப்படியே கீழே விட்டான். குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவினான். துடைத்தான். வந்து விரலை டப்பாவில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"இது மைதா இல்ல ராமரு. மைதா எனக்குத் தெரியும்."

"திருடினவன் வேறு என்ன சொல்வான்?"

திருட்டு என்ற வார்த்தையை நான் சொன்னதும் கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்தார். "ஏண்டா, ரூம்ல மைதா எங்கெருந்துடா வருது? நம்ம மூட்டையா?" என்றார். அது நான் எதிர்பார்க்காதது. நான் பவுடரைப் பற்றித்தான் கேட்டேன். அவர் அவருடைய மைதாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து அவன் வேலை முடிந்து கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னாராம். மூன்று நாள் காட்டியிருக்கிறான். நான்காம் நாள் வேலையை விட்டுவிட்டான். அறைக்கு வந்து துணியை அள்ளினான். நான் கட்டிலில் உட்கார்ந்து விண்ணப்பத்துக்கு வேண்டிய நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலில் நின்று, "முட்டைக்கு என்ன செய்யப்போற?" என்று மட்டும் கேட்டான். நான் அடுத்த நகலை எடுத்து அடுக்கினேன். திருடனுக்கு என்ன பதில்.

இப்போது திண்டுக்கல்லில் ஏதோ கடையில் இருக்கிறானாம். ஆமாம், நம் பஸ் போகிற வழிதான். நேற்று சாயங்காலம் போனில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான். இதோ பாருங்கள். "தூக்கிட்டியா?" அவ்வளவுதான். போட்டித் தேதியை நினைவு வைத்துக்கொண்டு கேட்கிறான் பாருங்கள், குத்திக்காட்டத்தான். நான் பதில் போடவில்லை.

என்ன? அவன் போனதற்கு அப்புறமாவது எடை குறைந்ததா என்றா கேட்கிறீர்கள்?

இல்லை. குறையவில்லை. புது டப்பா வாங்கினேன். அதுவும் பன்னிரண்டு நாள்தான் வந்தது. கடைசி இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்துதான் அறுபத்தாறு ஏழுக்கு வந்தேன். அது வேறு கதை அக்கா. கம்பெனிக்காரனும் எடை குறைத்துத்தான் நிரப்புகிறான். இந்த நாட்டில் போட்டிருக்கிற எடை எதிலும் இருக்காது. வேண்டுமானால் காட்டுகிறேன். உங்கள் பேரனுக்கு வாங்கின பிஸ்கட் பாக்கெட் இருக்கிறதே, அதைக் கொடுங்கள். பிரிக்க மாட்டேன். நூறு கிராம் என்று போட்டிருக்கிறது, பார்த்துக்கொண்டீர்களா? தராசைச் சமமான இடத்தில் வைக்க வேண்டும். பூஜ்யம் காட்டுகிறதா, சரி. வைக்கிறேன்.

எண்பத்தொன்று! பார்த்தீர்களா? நான் சொன்னேனா இல்லையா? குழந்தை தின்கிற பிஸ்கட்டிலேயே ஐந்தில் ஒரு பங்கை அடித்துவிட்டான். கேட்பதற்கு ஆள் இல்லை.

வேறென்ன வைத்திருக்கிறீர்கள்? உப்பா? ஓ, மகள் புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கா. முதலில் உப்பும் மஞ்சளும்தானே கொண்டுபோய் வைக்க வேண்டும், சரிதான். கையைக் கழுவவில்லையே, தொடலாமா? கொடுங்கள். ஒரு கிலோ.

எண்ணூற்று மூன்று.

உப்புக்காரனுமா.

வெல்லம்? அரைக் கிலோ, கடையில் கண்ணெதிரே நிறுத்து வாங்கினீர்களா? நல்ல கடையா? முப்பது வருடமாகவா. கொடுங்கள்.

நானூற்று இரண்டு.

இல்லை அக்கா, பேசாதீர்கள், கொஞ்சம் இருங்கள். நீங்கள் சொல்வது புரிகிறது. மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டு ஐந்தில் ஒரு பங்கை அடிக்க மாட்டார்கள். ஆனால் பூஜ்யம் காட்டுகிறதே. வெறும் தராசு பூஜ்யம்தானே காட்டுகிறது, நீங்களும் பார்த்தீர்கள்.

எது? இதுவா? சந்தனம்தான். மேல்தட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வழிந்து இறுகியிருக்கிறது. இந்த மூலையிலும் இருக்கிறது. நான்கு மூலையிலும்.

ஊக்கு இருக்கிறதா உங்களிடம்? வளையலில் மாட்டியிருக்கிறீர்களே, அது போதும்.

வரமாட்டேன் என்கிறது. கல் மாதிரி. தட்டை அமுக்கினால் இதன் மேல்தான் உட்கார்கிறது. பாரத்தில் ஒரு பங்கை இது தாங்கிக்கொள்கிறது, மிச்சத்தைத்தான் தராசு... பாரம் இல்லாதபோது பூஜ்யம் காட்டத்தான் செய்யும். வைத்தால்தான் குறைத்துக் காட்டும். இதை முதல் வருட லேபில் ஒரு பையன் செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன். பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம். பெயர்ந்துவிட்டது. சே, அடியில் பவுடரும் சந்தனமும் சேர்ந்து பாசி பிடித்த மாதிரி என்னமோ இருக்கிறது. எப்படி நாறுகிறது பாருங்கள். இதை வைத்துக்கொண்டா நான் சுத்தம் பேசினேன்.

பிஸ்கட்டைக் கொடுங்கள்.

நூற்று இரண்டு. கவர் இரண்டு கிராம் இருக்கும்.

உப்பு. ஆயிரத்து நான்கு.

வெல்லம் வேண்டாம். போதும். நீங்களே வைத்துப் பார்க்கிறீர்களா? வையுங்கள். ஐந்நூற்று இரண்டா. உங்கள் கடைக்காரர் நல்லவர்.

முப்பத்து மூன்று காட்டியபோதெல்லாம் உள்ளே நாற்பத்தொன்று இருந்திருக்கிறது. நாப்பது பக்கம்டா ராமரு. கையில் வாங்கி ஒரே ஒரு குலுக்குத்தான் குலுக்கினான். முப்பது கரண்டி இருபத்து நான்காகத் தீர்ந்தது, பன்னிரண்டு நாள். அந்த ஆறு கரண்டியை நான்தான் தின்றிருக்கிறேன். ஓட்ஸையும் அரிசியையும் கடலையையும் அதே மாதிரி. தின்றுவிட்டுத் தேதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். அவன் பையைத் திறந்து காட்டியிருக்கிறான், அக்கா. மூன்று நாள். அவனுடைய துண்டும் சட்டையும் எனக்கு எடுத்துவைத்த முட்டையும்தான் அந்தப் பையில் இருந்திருக்கும்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். வாயைக் கொப்பளிக்க வேண்டும். நேற்று அந்தக் கப்பில் துப்பியதே இன்னும் வாயில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஹாரன் அடிக்கிறார், டயர் மாட்டிவிட்டார்கள் போல. கூடையைக் கொடுங்கள், நான் ஏற்றுகிறேன். உப்பைக் கீழே வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணியா. பதில் போடச் சொல்கிறீர்கள். போடுகிறேன். போடாமல் இருப்பேனா, நான் நேர்மையானவன் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன். இறங்கியே போகலாம் என்கிறீர்கள். எந்தக் கடை என்று தெரியாதே. தூக்கவில்லை என்று எழுதவா? தராசு தப்பு என்று எழுதவா? தராசு தப்பு என்பது சரியில்லை, இல்லையா. தராசு ஒன்றும் செய்யவில்லை. மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன், பாருங்கள்.

எழுதுகிறேன் அக்கா. கண்டிப்பாக எழுதுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள், அப்புறம் அனுப்பிவிடுகிறேன்.

அந்தக் கரண்டியை அவன் நக்கியது, நக்கியதுதானே?